ஜேம்ஸ் ஈகன் லேன்: 22 மீட்டர்தானே, வெட்சூட் போதாதா?

கல்குடா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் இலங்கையின் கிழக்குக் கரையில், கல்குடாவில் டைவிங் பழகியவன். அங்கே கரைக்கு அப்பால் கிடக்கும் பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பலில் பலமுறை இறங்கியிருக்கிறேன். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, ஹெர்மிஸ் விமானந்தாங்கியை மூழ்கடித்த அதே நாளில், ஜப்பானிய விமானங்கள் அதையும் மூழ்கடித்தன. ஆழம் சுமார் 24 மீட்டர். நீர் 28, 29 பாகை. மூன்று மில்லி வெட்சூட் (நீர் ஊறும் ரப்பர் உடுப்பு) போட்டாலே அதிகம் என்று சொல்வார்கள்.

இப்போது வேலைக்காக இங்கிலாந்தில் ப்ளிமத்துக்கு வந்திருக்கிறேன். பக்கத்தில் விட்சாண்ட் விரிகுடாவில் ஜேம்ஸ் ஈகன் லேன் என்ற மூழ்கிய கப்பல் கிடக்கிறது. நான் பழகிய ஆழம்தான். கப்பலின் முன்பகுதியோ அதைவிட மிக மேலே நிற்கிறதாம். ஒரு படகுக்காரரிடம் இடம் கேட்டேன். ட்ரைசூட் (நீர் புகாத, உள்ளே காற்று நிற்கும் உடுப்பு) பழக்கம் உண்டா என்றார். இல்லை என்றதும் "அப்படியானால் ஆகஸ்டில் வாருங்கள்" என்று சொல்லிவிட்டார். என்னிடம் ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலைச் சான்றிதழ் இருக்கிறது. நல்ல ஏழு மில்லி வெட்சூட் ஒன்றும் வாங்கிவிட்டேன். ஆழம் குறைந்த ஒரு கப்பலுக்கு இவ்வளவு கெடுபிடி தேவையா?


டெவன்தமிழ் எழுதியது:

தம்பி, அந்தப் படகுக்காரர் நல்ல மனிதர். அவரை விட்டுவிடாதீர்கள்.

முதலில் சான்றிதழைப் பார்ப்போம். ஓப்பன் வாட்டரின் வரம்பு 18 மீட்டர். லேன் கிடக்கும் மணல்தரை 22 முதல் 24 மீட்டர். ப்ளிமத்தில் பெரிய ஓத நாட்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே சுமார் ஐந்து மீட்டர் வேறுபாடு வரும். அதனால் காலையில் ஒரு ஆழம், மதியம் வேறொரு ஆழம். கல்குடாவில் ஓதம் என்பது ஒரு மீட்டர்கூட வராது; அங்கே பழகியவர்களுக்கு இது முதலில் மனத்தில் பதியாது.

அடுத்தது குளிர். இப்போது ஏப்ரல். நீர் பத்துப் பாகையை ஒட்டி இருக்கும். இங்கே கடல் மிகவும் குளிர்ந்து கிடப்பது பிப்ரவரி, மார்ச்சில்: எட்டு, ஒன்பது பாகை. நிலத்தில் வெயில் வந்துவிட்டதே என்று கடலை நம்பக் கூடாது. கடல் சூடாக ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிவிடும். அப்போதுகூடப் பதினாறு, பதினேழுதான்.

காற்றைவிட நீர் உடலின் சூட்டை ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகக் கடத்துகிறது. கல்குடாவில் உங்கள் டைவ் எதனால் முடிந்தது? சிலிண்டரில் காற்று குறைந்திருக்கும், அல்லது நேர வரம்பு வந்திருக்கும். இங்கே அவை இரண்டும் வருவதற்கு முன்பே விரல்கள் முடிந்துவிடும். கொக்கியைக் கழற்ற முடியாது, ரீலைப் பிடிக்க முடியாது, மிதவையைக் காற்றேற்றி மேலே அனுப்ப முடியாது. மூளையும் கொஞ்சம் மந்தமாகும், ஆனால் அது மந்தமாகியிருப்பது உங்களுக்கே தெரியாது.

ஆழம் குறைவாக இருப்பதால் வரும் தொல்லையும் உண்டு. நாற்பது மீட்டரில் கிடக்கும் கப்பல் என்றால் பத்து நிமிடத்துக்குள்ளேயே கையில் கட்டிய டைவ் கருவி உங்களை மேலே விரட்டும். 20 மீட்டரில் சாதாரணக் காற்றில் 45 நிமிடம்வரை இருக்கலாம் என்கிறது அட்டவணை. இருக்கலாம் என்றதும் இருந்துவிடுவோம். குளிரில் முக்கால் மணி நேரம் நீண்ட நேரம்.


ஏழுமில்லி எழுதியது:

அக்கா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் கொஞ்சம் மிரட்டுகிறார். லேன் மீது முதன்முதலில் இறங்கியவர்கள் யாரும் இன்றைய ட்ரைசூட்டைக் கண்டதில்லை. பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப் 1953இல் தொடங்கியது. அந்தத் தலைமுறையில் பலர் ரப்பர் தாளை வாங்கி வீட்டிலேயே வெட்டி ஒட்டி வெட்சூட் செய்து இறங்கினார்கள். அப்போது கப்பலின் பாய்மரக் கம்பங்கள் நீருக்கு மேலே தெரிந்துகொண்டிருந்தன. தேட வேண்டிய வேலைகூட இல்லை.

நான் ஜூலை முதல் அக்டோபர்வரை ஏழு மில்லி வெட்சூட், உள்ளே ஒரு மேல்சட்டை, ஐந்து மில்லி கையுறை, நல்ல தலைமூடி என்று இறங்குகிறேன். அரை மணி நேரம் சுகமாக இருக்கிறது. ட்ரைசூட் விலையைப் பார்த்தீர்களா? புதிதாகப் பழகுபவர் ஒருவர் அதை வாங்கிவிட்டுத்தான் கடலைப் பார்க்க வேண்டும் என்றால், இந்தப் பொழுதுபோக்கு பணக்காரர்களுக்கு மட்டும் என்று எழுதி ஒட்டிவிடலாம்.


டெவன்தமிழ் எழுதியது:

ஜூலை முதல் அக்டோபர் என்றால் எனக்கும் சண்டை இல்லை. அவர் கேட்பது ஏப்ரல்.

ஏழு மில்லி என்பது கடையில் இருக்கும்போதுதான் ஏழு மில்லி. நியோப்ரீனுக்குள் இருப்பது வாயுக் குமிழிகள். 20 மீட்டரில் அழுத்தம் மும்மடங்கு. குமிழிகள் மூன்றில் ஒன்றாகச் சுருங்கும். மிகவும் தேவைப்படும் இடத்தில் சூட் மெலிந்துவிடுகிறது. மேலே வந்து படகில் ஏறியதும் காற்று வேறு. ஈர உடம்போடு முக்கால் மணி நேரம் அடுத்த டைவுக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டாவது டைவில்தான் பலர் உறைந்துபோகிறார்கள்.

ட்ரைசூட் வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுக்கலாம். கிளப்பில் சேர்ந்தால் இரவலும் கிடைக்கும்.


அலையாத்தி எழுதியது:

ட்ரைசூட் போட்டால் தலைகீழாகப் போய்விடும் என்கிறார்களே, உண்மையா? சென்னையிலிருந்து வாசிக்கிறேன், எங்களுக்கு இதெல்லாம் கதைதான்.


டெவன்தமிழ் எழுதியது:

உண்மைதான், பழகாதவருக்கு. சூட்டுக்குள் இருக்கும் காற்று எது உயரமான இடமோ அங்கே ஓடும். தலையைத் தாழ்த்தி நீந்தினால் காற்று கால்களுக்குப் போகும். காற்றை வெளியேற்றும் வால்வு இருப்பதோ இடது தோளில். கால்கள் மேலே, வால்வு கீழே, காற்று வெளியேற வழியில்லை. அப்படியே மேலே ஏறத் தொடங்கினால் காற்று விரியும், விரிந்தால் இன்னும் வேகமாக ஏறுவீர்கள். உடனே உடலை மடக்கி உருண்டு நிமிர வேண்டும். இதைக் குளத்தில் ஒருவர் அருகில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டும். லேன் மீது போய்ப் படிக்கும் பாடம் இல்லை.

இங்கேயும் ஆழம் குறைவு என்பது எதிராகவே நிற்கிறது. பத்து மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வரும்போது காற்றின் பருமன் இரண்டு மடங்காகிறது. முப்பதிலிருந்து இருபதுக்கு வந்தால் மூன்றில் ஒரு பங்குதான் கூடும். லேனின் முகப்பைச் சுற்றி நீந்துபவர் மேல்விளிம்புக்கும் தரைக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். மிதப்பைக் கட்டுப்படுத்த மிகவும் கடினமான அடுக்கு அதுதான்.


இரும்புத்துரு எழுதியது:

எல்லோரும் உடுப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். கப்பலைப் பற்றி யாராவது சொல்லுங்களேன் என்று காத்திருந்து பார்த்தேன், நானே சொல்லிவிடுகிறேன்.

லேன் ஒரு லிபர்ட்டி கப்பல். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா அச்சு வார்த்ததுபோல் கட்டித் தள்ளிய 2,710 சரக்குக் கப்பல்களில் ஒன்று. நீளம் சுமார் 134 மீட்டர். 7,176 டன். ஐந்து சரக்கறைகள், எண்ணெயில் எரியும் இரண்டு கொதிகலன்கள், 2,500 குதிரைத்திறன் நீராவி எஞ்சின், வேகம் 11 நாட். எஞ்சினின் வடிவமைப்பு போருக்கு வெகுகாலம் முந்தியது; எவரும் கட்டலாம், எவரும் ஓட்டலாம் என்பதால் வேண்டுமென்றே பழையதைத் தேர்ந்தார்கள்.

இது நியூ ஆர்லியன்ஸில் கட்டப்பட்டு 1944 டிசம்பரில் நீரில் இறங்கியது. வேல்ஸின் பேரியிலிருந்து பெல்ஜியத்தின் கெண்ட் நகருக்கு, அமெரிக்க இராணுவப் பொறியாளர்களுக்கான தளவாடங்களோடு போய்க்கொண்டிருந்தது. 1945 மார்ச் 21இல் யு-1195 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கி வலப்பக்கத்தில், நான்காம் ஐந்தாம் சரக்கறைகளுக்கு இடையே டார்ப்பிடோவால் அடித்தது. இழுவைப் படகுகள் ப்ளிமத் பக்கம் இழுத்து வந்தன. கரை சேர்க்க முடியாமல் விட்சாண்டில் தரைதட்டி அமர்ந்தது. ஒருவர்கூட இறக்கவில்லை. அடித்த நீர்மூழ்கிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை: ஏப்ரல் தொடக்கத்தில் கியூபா என்ற துருப்புக் கப்பலை மூழ்கடித்ததும், வாட்ச்மேன் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் அதை வேட்டையாடி முடித்துவிட்டது.

கப்பலுக்குப் பெயர் கொடுத்தவரும் டார்ப்பிடோவால் இறந்தவர்தான். 1942இல் ஜார்ஜியா கரைக்கு அப்பால் அடிக்கப்பட்ட ஓர் எண்ணெய்க் கப்பலில் அவர் இரண்டாம் பொறியாளர்.

சரக்கில் மதிப்புள்ளதைப் போருக்குப் பிறகு எடுத்துவிட்டார்கள். பிக்காசுத் தலைகள், இரயில் பெட்டிச் சக்கரங்கள் போன்றவை இன்னும் கிடக்கின்றன. பின்பகுதி முறிந்து தனியாக விலகிக் கிடக்கிறது. முதல்முறை போகிறவர்கள் அதைத் தேடி மணலில் அலைய வேண்டாம். முகப்பிலேயே பார்க்க வேண்டியது ஏராளம்.


அலையாத்தி எழுதியது:

லிபர்ட்டி கப்பல்கள் குளிர்நீரில் தானாகவே உடைந்தன என்று பொறியியல் வகுப்பில் படித்தோம். இதுவும் அப்படி உடைந்ததுதானோ? குளிர் என்றால் துருப்பிடிப்பதும் குறைய வேண்டுமே, ஏன் சிதைந்துகொண்டே போகிறது?


இரும்புத்துரு எழுதியது:

நல்ல கேள்வி. அந்த உடைப்புகள் நிஜம். அன்றைய எஃகு குறிப்பிட்ட குளிருக்குக் கீழே வளையாமல் முறியும் இயல்புக்கு மாறிவிடும். ஆணியடித்த கப்பலில் ஒரு தகட்டில் விரிசல் விழுந்தால் அந்தத் தகட்டோடு நிற்கும். வெல்டிங் செய்த கப்பலில் நிற்க இடமில்லை, சுற்றி ஓடிவிடும். சரக்கறை வாயின் சதுர மூலைகளில் இழுவிசை குவிந்து விரிசல் அங்கே தொடங்கும். குற்றம் வெல்டிங்கில் மட்டுமில்லை, எஃகிலேயே இருக்கிறது என்று காட்டியவர்களில் கேம்பிரிட்ஜின் கான்ஸ்டன்ஸ் டிப்பர் முக்கியமானவர்.

ஆனால் லேனை முடித்தது டார்ப்பிடோ. அதன்பிறகு அரித்தது கடல். துருவின் வேதிவினை குளிரில் மெதுவாக நடக்கும் என்பது சரி. ஆனால் குளிர்நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும். அதைவிட முக்கியம் அலை. ஆழத்தில் கிடக்கும் கப்பலின் மேல் துருவும் சுண்ணாம்பும் சேர்ந்து ஒரு பொருக்குக் கட்டும். அது உள்ளே இருக்கும் இரும்பைக் கொஞ்சம் காக்கும். ஆழம் குறைந்த இடத்தில் ஒவ்வொரு குளிர்காலப் புயலும் அந்தப் பொருக்கை உடைத்துப் புது இரும்பைத் திறந்துவிடும். பக்கத் தகடுகள் விழுந்துகொண்டே இருக்கின்றன. பத்து ஆண்டுக்கு முந்தைய வரைபடத்தை நம்பி உள்ளே போகக் கூடாது. 'இந்த வழியாக நுழைந்து அந்த வழியாக வரலாம்' என்று யாராவது சொன்னால், எப்போது போனார் என்று கேளுங்கள்.


கொட்டலசு எழுதியது:

உயிர்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை! குளிர்நீரில் ஒன்றும் இருக்காது என்று நினைத்து வருகிறவர்களுக்காக:

பவளப்பாறை மீன்களின் நிறத்தை எதிர்பார்க்காதீர்கள். இங்கே இரும்பே நிறம் பூசியிருக்கும். டெட் மென்ஸ் ஃபிங்கர்ஸ் என்ற மென்பவளம் வெள்ளையும் ஆரஞ்சுமாக, ஜூவல் அனிமோன் என்ற குட்டிக் கடற்சாமந்திகள் பச்சை, ஊதா, இளஞ்சிவப்பு என்று திட்டுத்திட்டாக. ஒரு தகட்டின் அடிப்புறத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே பார்த்த பழுப்புக் கப்பல்தானா இது என்று இருக்கும். கப்பலின் விலா எலும்புகளுக்கு இடையே பொலாக் மீன் கூட்டம், பொந்துகளில் காங்கர் என்ற பெரிய கடல் விலாங்கு. கையை உள்ளே விடாதீர்கள்.

மே மாதம் மட்டும் ஏமாற்றும். வெயில் ஏறியதும் பிளாங்டன் என்ற மிதக்கும் நுண்ணுயிர்கள் பெருகி நீர் பச்சைக் கஞ்சியாகிவிடும். அப்போது இரண்டு மூன்று மீட்டர்கூடத் தெரியாமல் போகலாம். நல்ல நாளில் பத்துக்கு மேலும் தெரியும்.

அருகிலேயே ஸ்கில்லா என்ற இன்னொரு கப்பல் கிடக்கிறது. அது விபத்தில் மூழ்கியதில்லை. லியாண்டர் வகைப் போர்க்கப்பல், டெவன்போர்ட் தளத்தில் கட்டப்பட்ட கடைசி ஃப்ரிகேட். 1973இல் ஐஸ்லாந்தோடு நடந்த கொட் மீன் தகராறில் அந்நாட்டு ரோந்துக் கப்பலோடு மோதியது. 2004 மார்ச் 27இல் ப்ளிமத்தின் தேசியக் கடல்வாழ் உயிரினக் காட்சியகம் செயற்கைப் பாறையாக இருக்கட்டும் என்று வெடி வைத்து மூழ்கடித்தது. சுத்தமான இரும்பில் எது முதலில் வருகிறது, எது எதைத் தின்கிறது என்று நாள் குறித்துப் பார்க்கக் கிடைத்த அரிய வாய்ப்பு. முதலில் கொட்டலசுகளும் குழாய்ப்புழுக்களும். பிறகு சிப்பிகள் கம்பளமாக. சிப்பி பெருகியதும் நட்சத்திர மீன்கள் படையெடுத்து வந்து தின்று தீர்த்தன. கடல் முள்ளெலிகள் மேய்ந்து தரையை வெறுமையாக்கின. அந்த வெறுமையில் வேறு உயிர்கள் குடியேறின. மெதுவாகவே வளரும் இளஞ்சிவப்பு விசிறிப் பவளம்கூடச் சில ஆண்டுகளில் வந்துவிட்டது. நிபுணர்களே எதிர்பார்க்காத வேகம்.


ஏழுமில்லி எழுதியது:

ஸ்கில்லாவின் உள்ளே போவதுதான் சுவையே. மூழ்கடிக்கும் முன் பக்கங்களில் பெரிய பெரிய திறப்புகள் வெட்டிவைத்தார்கள். எங்கு பார்த்தாலும் பச்சை வெளிச்சம் தெரியும். தொடக்கநிலை டைவர்களுக்கென்றே செய்தது.


டெவன்தமிழ் எழுதியது:

2004இல் அப்படி. அதற்குப் பிறகு இருபது ஆண்டு வண்டல் உள்ளே படிந்திருக்கிறது. துடுப்பு ஒருமுறை பட்டால் போதும், நீங்கள் சொல்லும் பச்சை வெளிச்சம் காணாமல் போகும். தட்டுகள் இடிந்து சில வழிகள் அடைபட்டுவிட்டன. 2007இலும் 2021இலும் அந்தக் கப்பலில் இரண்டிரண்டு பேர் இறந்தார்கள். உள்ளே போக வேண்டாம் என்று காட்சியகமே அறிவுறுத்துகிறது. வழிக்கயிறும், போக, வர, அவசரத்துக்கு என்று காற்றை மூன்றாகப் பங்கிடும் ஒழுங்கும், அதற்கான பயிற்சியும் உள்ளவர்கள் அவரவர் பொறுப்பில் முடிவு செய்யட்டும். ஓப்பன் வாட்டர் சான்றிதழோடு வந்து கேட்கும் ஒருவரிடம் 'சுவை' என்று சொல்லாதீர்கள்.


ஏழுமில்லி எழுதியது:

சரி, அந்த வரியை வாபஸ் பெறுகிறேன். திறப்பு வழியாக எட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். வெட்சூட் விஷயத்தில் மட்டும் ஒரு அங்குலம் நகர மாட்டேன்.


நுரையீரல் எழுதியது:

மருத்துவர் என்ற முறையில் ஒன்று. குளிர் என்றால் நடுக்கம் மட்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, இரத்தம் மார்புக்குள் திரள்கிறது, இதயம் அதிக அழுத்தத்துக்கு எதிராக உழைக்கிறது. சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துவிடும். 1989இல் லான்செட் மருத்துவ இதழில் பிரித்தானிய மருத்துவர்கள் இதை டைவர்களிடம் விவரித்தார்கள். அவர்களில் பலருக்குப் பிற்காலத்தில் உயர் இரத்த அழுத்தம் வந்தது. இது ஆழத்தைப் பார்த்து வருவதில்லை. மேற்பரப்பில் நீந்துகிறவருக்கும் வரும்.

அறிகுறி: உழைப்புக்குப் பொருந்தாத மூச்சிரைப்பு, இருமல், நுரைத்த சளி, சில நேரம் இரத்தச் சாயல். ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) சரியில்லை என்று முதலில் தோன்றும். அப்படித் தோன்றினால் டைவை முடித்து, கட்டுப்பாட்டோடு மேலே வந்து, நீரைவிட்டு வெளியேறி, ஆக்சிஜன் எடுத்து உதவி கேளுங்கள். நாற்பதைத் தாண்டிய நம்மவர்களில் அழுத்தம் பார்க்காமலே இருப்பவர்கள் ஏராளம். ட்ரைசூட் அளவு எடுக்கும் முன் இரத்த அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள்.

மேலும், அடியில் சூடாக இருந்துவிட்டு ஏறும்போது குளிர்ந்தால், ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவது மந்தமாகும். அமெரிக்கக் கடற்படையின் சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின. குளிர்ந்து நடுங்கும் நாளில் கருவி காட்டும் வரம்பின் விளிம்புவரை போகாதீர்கள். அதனால் வரும் அழுத்த நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை ப்ளிமத்திலேயே இருக்கிறது. இருந்தாலும் பார்க்காமலிருப்பதே நல்லது.


கல்குடா எழுதியது:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஏழுமில்லி அண்ணன் மன்னிக்க வேண்டும். உள்ளூர்க் கிளப் ஒன்றில் ட்ரைசூட் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். மேல்நிலைச் சான்றிதழையும் அங்கேயே முடிக்கலாம் என்றார்கள். இன்னும் மூன்று கேள்விகள். என் ரெகுலேட்டர் கல்குடாவில் ஓடியது, இங்கே ஓடுமா? காற்று எந்தத் திசையில் இருந்தால் போகலாம்? லேனில் கிடக்கும் பிக்காசுத் தலை ஒன்றை எடுத்துவந்தால் குற்றமா? அலங்காரத்துக்குத்தான்.


இரும்புத்துரு எழுதியது:

கடைசிக் கேள்விக்கு நான். 1995ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டப்படி, சிதைவிலிருந்து எதை எடுத்தாலும் 28 நாட்களுக்குள் ரிசீவர் ஆஃப் ரெக் என்ற அரசு அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். பிக்காசும் அதில் அடக்கம். அறிவிக்காமல் அலமாரியில் வைத்தால் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் எடுக்காதீர்கள் என்பேன். ஒவ்வொருவரும் ஒன்று எடுத்ததால்தான் இந்தக் கப்பலில் பித்தளை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.


டெவன்தமிழ் எழுதியது:

ரெகுலேட்டர்: ஐரோப்பியத் தரத்தில் பத்துப் பாகைக்குக் கீழே இருந்தாலே குளிர்நீர் என்று கணக்கு. உயர் அழுத்தக் காற்று சட்டென்று விரியும்போது குளிர்கிறது. சிலிண்டரோடு இணையும் முதல் நிலையில் ஈரம் இருந்தால் உறைந்து, அடைக்காமல் திறந்தபடியே நின்றுவிடும். சிலிண்டர் சில நிமிடத்தில் காலி. குளிர்நீருக்கென்று மூடப்பட்ட வகைதானா என்று சர்வீஸ் செய்பவரிடம் காட்டிக் கேளுங்கள். படகில் நின்றபடி மூச்சிழுத்துச் சோதிக்க வேண்டாம், அந்த ஈரம்தான் எதிரி. ட்ரைசூட்டுக்கும் மிதப்பு ஜாக்கெட்டுக்கும் ஒரே நேரத்தில் காற்றேற்றவும் வேண்டாம்.

காற்று: விட்சாண்ட் தென்மேற்கைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. உங்கள் ஊரில் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும், கடல் தட்டையாகக் கிடக்கும், டைவிங் பருவமே அதுதான். இங்கே அதே திசைக் காற்றுதான் கெடுதல். நீரோட்டம் இங்கே பெரிய பிரச்சினை இல்லை, அலைதான். தென்மேற்கு அடித்து ஓய்ந்த மறுநாள் வானம் பளிச்சென்று இருக்கும். ஆனால் அட்லாண்டிக்கிலிருந்து வரும் நெடிய அலை முகப்பின் மேல் உங்களை முன்னும் பின்னும் தள்ளும், துருப்பிடித்த விளிம்புகளுக்கு நடுவே. இரண்டு மூன்று நாள் வடக்கு அல்லது கிழக்குக் காற்று இருந்தபின் போங்கள். படகுக்காரர் போக வேண்டாம் என்றால் காசைப் பற்றிக் கவலைப்படாமல் வீட்டுக்குப் போங்கள்.


ஏழுமில்லி எழுதியது:

மன்னித்தேன். தலைமூடியை மட்டும் கடையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள், இணையத்தில் வேண்டாம். தளர்ந்தால் நீர் காதுக்குள் போய்த் தலை சுற்றும், இறுகினால் கழுத்தை நெரிக்கும். ஜூலையில் இடம் போடுகிறேன், வருகிறீர்களா? ட்ரைசூட்டோடு வந்தாலும் படகில் சேர்த்துக்கொள்வோம்.


கல்குடா எழுதியது:

ஜூலை இரண்டாவது வாரம் என்றால் வருகிறேன், அண்ணா. கையுறை உலர்ந்த வகையா, ஈர வகையா?


டெவன்தமிழ் எழுதியது:

ஜூலைக்கு ஈர வகை, ஐந்து மில்லி போதும். உலர் கையுறையை அடுத்த மார்ச்சில் பார்த்துக்கொள்ளலாம்.